கையைக் கட்டி நிற்கும் பயிற்சி

ரூபா: இன்னொருவாட்டி சொல்லு... காதுல சரியா விழல.

விமல்ராஜ்: தூக்குன்னேன். கட்டில்லருந்து வீல்சேருக்கு. பத்து நாளா பெங்களூரு ஆஸ்பத்திரில போய்ப் படிச்சிட்டு வந்திருக்கியே, புருஷனுக்கு ஒரு டெமோ காட்டு.

ரூபா: முடியாது.

விமல்ராஜ்: ஏன், ட்ரெயினிங்ல ஃபெயிலா?

ரூபா: பாஸ். பேஷண்ட் தானே ஏறணும், நாம தூக்கக் கூடாதுங்கறதுதான் அங்க படிப்பே.

விமல்ராஜ்: அப்பிடிப் போடு! பஸ் சார்ஜ் குடுத்து, ஹாஸ்டல்ல ரூம் போட்டுக் குடுத்து... ஒரு நர்சக் கையக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கா அனுப்பி வெச்சாங்க உங்க ஆஸ்பத்திரில?

ரூபா: பின்னாடி கட்டிக்கிட்டு. முன்னாடி கட்டினா, பேஷண்ட் சாயறப்ப நம்ம கை தானா நீண்டுடுமாம்.

விமல்ராஜ்: இதுக்கு ஒரு டீச்சர் வேற.

ரூபா: இருந்தாங்களே, ஒரு ஹெட் சிஸ்டர். யாரையாவது புடிக்கப் போனா போதும், தூரத்துலருந்தே "முட்டபேடி, முட்டபேடி"ன்னு கத்துவாங்க. தொடாதீங்கன்னு கன்னடத்துல. எங்கூட வந்த லாவண்யா திருநெல்வேலிக்காரி... முட்டை வேணாம்னு சொல்றாங்கன்னு நெனச்சி, ரெண்டு நாளு கேன்டீன்ல ஆம்லெட்டே வாங்கல.

விமல்ராஜ்: நல்ல கோஷ்டி. இனி ஓசூர்ல நோயாளிங்க எல்லாம் எழுந்து ஓடிடுவாங்க.

ரூபா: மொத நாளு எங்களையே வீல்சேர்ல உக்கார வெச்சி, போய் டீ குடிச்சிட்டு வாங்கன்னுட்டாங்க.

விமல்ராஜ்: ஓ... பிக்னிக்.

ரூபா: கேன்டீன் வாசல்ல இத்தினியூண்டு படி. அதத் தாண்டறதுக்குள்ள உசுரு போயிடுச்சி. உள்ள போனா, டீ போடறவரு என்ன ஒரு பார்வ கூடப் பாக்கல. எனக்குப் பின்னாடி வரிசைல நிக்கற யாரோ ஒருத்திகிட்ட கேக்கறாரு, "இவங்களுக்குச் சக்கரை போடலாமா?"

விமல்ராஜ்: அட.

ரூபா: எனக்கென்ன வாய் இல்லியான்னு கத்திட்டேன்.

விமல்ராஜ்: அரை நாளு உக்காந்ததுக்கேவா? பலே. கம்பெனி ஷெட்டு மேல ஏறி, ஷீட்டு ஒடஞ்சி விழுந்தவன் நான். எட்டு மாசமா வர்றவன் போறவன் எல்லாம் "சாப்பிட்டாரா, தூங்கினாரா"ன்னு உங்கிட்டதான் கேக்கறான். நீயும் "ம்... சாப்பிட்டாரு"ன்னு பதில் சொல்லிட்டுதானே இருக்க?

ரூபா: இனிமே சொல்ல மாட்டேன்.

விமல்ராஜ்: சரி, சரி, மூஞ்சத் தொங்கப் போடாத. தூக்கு. டீ ஆறுது.

ரூபா: டீ மேசை மேல இருக்கு. வீல்சேர் கட்டில ஒட்டி இருக்கு. நான் இங்க நிக்கறேன்.

விமல்ராஜ்: பொம்மையாட்டம்.

ரூபா: ஆமா. கம்பெனில உக்காந்து பீஸ் செக் பண்ற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கல்ல? அங்க யாரு உன்னத் தூக்குவா?

விமல்ராஜ்: நீதான். லேத் ஆபரேட்டருக்கு சொந்தமா ஒரு நர்சு. எம்.டி.க்குக் கூட இந்த வசதி இல்ல.

ரூபா: சரிப்பா, நான் ஊர்ல இல்லாதப்ப யாரு தூக்கினா?

விமல்ராஜ்: அக்காதான். போன்லயே சொன்னேனே.

ரூபா: உங்கக்கா நஞ்சம்மா... கெலமங்கலத்துல தக்காளி பறிப்ப விட்டுட்டு, பத்து நாளும் இங்க வந்து தூக்கினாங்க?

விமல்ராஜ்: பாசம்டி. உனக்கெங்க புரியும்.

ரூபா: ஒரு கூடை தக்காளி தூக்கினாலே மூச்சு வாங்குமே அவங்களுக்கு?

விமல்ராஜ்: தக்காளி வேற, தம்பி வேற.

ரூபா: ரொம்ப சரி. பிரேக் போட்டுட்டியா? ஒரு கை கட்டில்ல. ஒரு கை சேர்ல. நல்லா அழுத்தி, எழும்பி, அந்தப் பக்கம் நகரு.

விமல்ராஜ்: ஹூம்... ஐயோ... முடியலடி. தோளு போச்சு.

ரூபா: நீ இன்னும் கையே ஊனல.

விமல்ராஜ்: மனசால ஊனினேன்.

ரூபா: கையால ஊனு.

விமல்ராஜ்: ஆ... சாயறேன்... ரூபா, சாயறேன்... விழப்போறேன்...

ரூபா: தலகாணி எங்க இருக்குன்னு பாத்துப் பாத்து சாயறியே.

விமல்ராஜ்: உனக்கு ஈவு எரக்கமே கெடையாதா?

ரூபா: பெங்களூருல வாங்கி வெச்சிக்கிட்டாங்க.

விமல்ராஜ்: இத்தன நாளா எப்பிடித் தூக்கின? எங்கைய உங்கழுத்துல போட்டு, நீ என்ன ரெண்டு கையாலயும் சுத்திப் புடிச்சி, ஏலேலோன்னு... நல்லாத்தானே போயிட்டிருந்துச்சி? எவளோ கன்னடத்துல கத்தினான்னு விட்டுடுவியா?

ரூபா: அப்பா சாமி... உங்கிட்டப் பேசி செயிக்க முடியாது. தூக்கித் தொலைக்கறேன், இரு... ஆ... அம்மா!

விமல்ராஜ்: என்னாச்சி?

ரூபா: இடுப்பு... புடிச்சிக்கிச்சி... நிக்க முடியலயே...

விமல்ராஜ்: ரூபா! செவத்தப் புடி... அசையாத... இரு, வரேன்... இந்தா, வந்துட்டேன். எந்தோளப் புடிச்சிக்க. எங்க வலிக்குது? இங்கயா?

ரூபா: எங்கயும் இல்ல.

விமல்ராஜ்: என்னது?

ரூபா: குனிஞ்சி பாருங்க சார், எதுல உக்காந்திருக்கீங்கன்னு.

விமல்ராஜ்: ...ச்சை.

ரூபா: கட்டில்லருந்து சேரு. சேர்லயே எம்பக்கம். நான் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள. தோளு போனவரு மாதிரி தெரியலியே!

விமல்ராஜ்: நடிச்சியா?

ரூபா: ஏதோ, எங்க வீட்டுக்காரரப் பாத்துக் கத்துக்கிட்டது.

விமல்ராஜ்: உனக்கு... எப்பத் தெரியும்?

ரூபா: நான் போன கொஞ்ச நாள்லயே எதிர் வீட்டு முனிலட்சுமி போன் பண்ணிட்டா. உங்கக்கா மறுநாளே பஸ் ஏறிட்டாங்கன்னு. நீயே கட்டில்லருந்து எறங்கி, நீயே ஏறி, வாசப்படிக்குப் பலகை போட்டுத் தெருக்கோடி வரைக்கும் போய் முறுக்கு வாங்கிட்டு வர்றன்னு. ஹாஸ்டல் பாத்ரூம்ல போய் அழுதேன்யா, சந்தோஷத்துல. தெனமும் போன் வர்றப்பல்லாம் இன்னைக்கு நீயே சொல்லுவ, இன்னைக்கு சொல்லுவன்னு இருந்தேன். நீ என்னடான்னா அக்கா தூக்கினா, அக்கா தூக்கினா... ஏன்யா மறச்ச?

விமல்ராஜ்: சொன்னா தூக்கறத நிறுத்திடுவ.

ரூபா: நிறுத்தினா என்ன? நல்லதுதானே?

விமல்ராஜ்: ரொம்ப நல்லது சிஸ்டர்... நான் விழுந்ததுலருந்து நீ என்னத் தொடறது எல்லாம் மாத்திரை குடுக்க, புண்ணு பாக்க, துணி மாத்த. ரெண்டு கையும் போட்டு இறுக்கிப் புடிக்கறது தூக்கறப்ப மட்டுந்தான்... அதையும் பெங்களூருல போய் விட்டுட்டு வந்துட்டியே.