விரித்த துண்டில் மிச்சம் ஒன்றுமில்லை

பைக் சக்கரம் கழற்றுவதை மாடியிலிருந்து பார்த்தால்தான் ஒழுங்காகத் தெரியும், ஐயா. கீழ்வீட்டுத் தம்பி டயர் மாற்றுகிற நாளில் நான் கைப்பிடிச் சுவரை விட்டு நகர மாட்டேன். பைக்கைக் கடையில் விட்டால் கீறிவிடுவார்களாம். அதனால் வீட்டிலேயே கழற்றி, சக்கரத்தை மட்டும் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போய்ப் புது டயர் போட்டு வருவார். தெருவில் அவருக்கு 'ஸ்பேனர் டாக்டர்' என்று பெயர். வைத்தவள் நான்தான்.

கழற்றிய சாமான்களை ஒரு பழைய துண்டில் வரிசையாகப் பரப்புவார். திரும்ப மாட்டும்போது துண்டு காலியானால் வேலை முடிந்தது என்று கணக்கு. கடைசியில் மிஞ்சுவது, நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே சொருகுகிற சின்னப் பின். நட்டை முதலில் கையால்தான் திருகி வைப்பார். பின்னைப் போடும் முன்புதான் ஸ்பேனரால் இறுக்குவார். இத்தனை வருடம் பார்த்தவளுக்குத் தெரியாதா?

கடைசியாக அவர் டயர் மாற்றிய அன்று மதியம் அவர் மனைவி மேலே வந்தாள். தனக்கு முன்பே ஒரு கல்யாணமாகி முறிந்ததை அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மாமியாருக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. எப்படியோ என்ன, நான்தான் போனில் சொன்னேன். அக்கறையில்.

"அக்கா, நீங்களா சொன்னீங்க?"

"நானா? என் வாயில விரலை விட்டுக் குடைஞ்சாலும் வராதுடி."

"அப்ப சரி. சாயங்காலம் அத்தை வீட்டுக்குத்தான் போறோம். யாரு சொன்னாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டுட்டு வரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தனிக்கட்டை நான். எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழையலாம் என்பது ஒன்றுதான் எனக்கிருந்த சொத்து. அத்தனை கதவும் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் காதில் கேட்டது.

கீழே அவர் நட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மேல தொட்டி வழியுது. வால்வை என்னால திருப்ப முடியல."

"ஏன்க்கா, உங்க வாய்க்குத்தான் வால்வு இல்லன்னு பார்த்தா தொட்டிக்குமா?" என்று சிரித்தபடி ஏறினார். நான் இறங்கினேன். துண்டில் கிடந்த அந்தச் சின்னப் பின் என் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

திரும்பி வந்தவர் துண்டைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"முடிச்சுட்டேனா?"

"நல்லா இறுக்கிப் போட்டீங்களே தம்பி. பார்த்துட்டுதானே இருந்தேன்."

அவர் துண்டை உதறி மடித்தார்.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வாசலில் ஹெல்மெட் வார் சிக்கிக்கொண்டு வண்டி கொஞ்ச நேரம் நின்றது. ஒரு வார்த்தை போதும். கை மட்டும் தானாக எழுந்து டாட்டா காட்டியது.

பாலத்து இறக்கத்தில் பின்சக்கரம் விலகியதாம். பின்னால் பஸ். அவர் மட்டும் பிழைத்துவிட்டார். 'நான்தான் இறுக்க மறந்துட்டேன்' என்று இன்னும் அழுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து தேற்றுகிறவள் நான்தான். யாராவது கதவைத் தட்டினால் எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. விசாரிக்க வந்து நீங்கள் தட்டியபோதும் அப்படித்தான்.

ஆனால் ஒன்று, ஐயா. துக்கத்துக்கு வந்தவர்கள் எவ்வளவோ தோண்டித் துருவினார்கள். அவளுடைய அந்த முதல் கல்யாணத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. நம்பி ஒருத்தி சொன்னதை வெளியே விடுகிற புத்தி எனக்குக் கிடையாது.