மோசஸின் முதுகு

நான் எழுதுகிறவள் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வாழும் வெளிநாட்டு நகரத்தில், பாபடோயிட்டோய் என்ற புறநகருக்குப் போகும் பஸ்ஸில், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நம்ம மோசஸ் இன்னிக்கு அழுதுட்டான்க்கா. முதுகுல அவ்வளவு வலியாம்.”

“மோசஸோ? அந்த மலை போலக் கறுவலோ?”

“ஆமா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆப்பிரிக்கா ஆம்பளை அழுவானான்னு.”

“பாரமான ஆக்களை அவனைத்தானே தனியத் தூக்க விடுறனாங்கள்.”

“ரெண்டு பேர் தூக்கணும்னுதான் ரூல். அவனுக்கு வலிக்காதுன்னு நெனச்சேன்.”

“அவனும் ஒருநாளும் ஏலாதெண்டு சொல்லேல்லையே.”

“சொல்லியிருந்தா அன்னிக்கே சிரிச்சிருப்போம்க்கா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் சிரித்திருப்பேன்.

மறுநாள் அதே பஸ்ஸில், மோசஸ் ஆறு வாரம் வேலைக்கு வரமாட்டான் என்று அந்த அக்கா சொன்னார்.