மூடாத இடப்பக்க வால்வு

என் பெயர் லோவெல் கீஸ்லர். வயது 64. தகப்பனார் பெயர் ஹார்லன் கீஸ்லர். ஒஹாயோ மாநிலம், மில்பரி சாலை, 4417ஆம் எண் வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். இரும்புத் தகட்டை அழுத்திக் கார் கதவு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். 2019 ஜூன் 8ஆம் தேதி சாலையோரத்தில் வைத்து துணை ஷெரிஃப் டெனிஸ் ஓர்லிக் அவர்களிடம் நான் கொடுத்த வாக்குமூலம் உண்மையல்ல. அதைத் திருத்திச் சொல்வதற்காக இன்று ஜூன் 19ஆம் தேதி, யாரும் அழைக்காமல் நானாக இந்த அலுவலகத்துக்கு வந்திருக்கிறேன். வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று மேற்படி அதிகாரி சொன்னார். வேண்டாம் என்றேன்.

என் பக்கத்துப் பண்ணைக்காரர் மாலன் ஷ்லாபாக். அவர் மனைவி ஃபேனி. அவர்கள் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதால் கார் வைத்துக்கொள்வதில்லை, குதிரை வண்டிதான். ஆஸ்பத்திரிக்கோ தூரத்து ஊருக்கோ போக வேண்டுமென்றால் என் வேனில் நான் கூட்டிப் போவேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இப்படி நடந்து வருகிறது.

என்னிடம் 1968ஆம் வருடத்து பாண்டியாக் கார் ஒன்று உள்ளது. அதன் இரண்டு புகைக்குழாய்களிலும் சைலன்சருக்கு முன்னால் ஒரு கிளைக்குழாய் வைத்து, அதைத் தகடும் போல்ட்டும் போட்டு அடைத்திருந்தேன். தகட்டைக் கழற்றினால் புகை சைலன்சருக்குப் போகாமல் நேரே வெளியே வரும், சத்தம் பல மடங்காகும். ஒவ்வொரு முறையும் காருக்கு அடியில் படுத்துக் கழற்றி மாட்ட வேண்டியிருந்ததால், பெரும்பாலும் கழற்றியபடியே ஓட்டினேன். மே மாதம் ஃபேனியைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனபோது அவர், "லோவெல், உங்க கார் சத்தத்துல எங்க கோழிங்க முட்டை போடவே மறந்துருச்சு. எங்க வாசல் தாண்டுற வரைக்குமாவது அதைக் கொஞ்சம் வாய மூடிக்கச் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதன் பிறகுதான் தகட்டை எடுத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவிட்சைத் தட்டித் திறந்து மூடும் மோட்டார் வால்வு போடுவதென்று முடிவு செய்தேன்.

மே 31ஆம் தேதி ரஸ் டட்டில் என்பவரின் உதிரிபாகக் கடைக்குப் போனேன். அவர் இரண்டு விதமான வால்வுகளைப் பற்றிச் சொன்னார். ஒன்றில் மோட்டார் மட்டும்தான். மற்றொன்றில் பலமான ஸ்பிரிங் உண்டு, மோட்டார் நின்றுபோனாலும் வால்வுக் கதவு தானாக மூடிக்கொள்ளும், மூடியதும் வண்டிக்குள் ஒரு சின்ன விளக்கு எரியும். அது வந்து சேர மூன்று வாரமாகும் என்றார். ஜூன் 8ஆம் தேதி பழைய கார் வைத்திருப்பவர்களின் கூட்டத்துக்கு நான் போக வேண்டியிருந்தது. மோட்டார் மட்டும் உள்ளதையே கேட்டேன்.

"யோவ், உன் ரோடு பூரா ஜல்லி. கல்லு சிக்குச்சுன்னா இது அப்படியே நின்னுரும். மூடிருச்சா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று ரஸ் கேட்டார்.

"காது இருக்குல்ல. கேட்டாத் தெரியாதா?" என்றேன்.

எனக்கு இரண்டு காதும் பாதிக்கு மேல் கேட்காது. தொழிற்சாலையில் போனது. அதை ரஸ்ஸிடம் நான் சொல்லவில்லை. காதுக் கருவி வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் எஞ்சின் சத்தம் தகர டப்பாவில் ஆணியைக் குலுக்குவது போல் இருப்பதால், அந்தக் காரை ஓட்டும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்.

ஜூன் 8ஆம் தேதி மாலை சுமார் நான்கு மணிக்குக் கூட்டத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். மில்பரி சாலை மேட்டுக்கு முன்பாகச் சுவிட்சைத் தட்டினேன். சத்தம் குறைந்தது போல் இருந்தது. மூடிவிட்டது என்று எண்ணி மேட்டில் ஏறினேன். மேடு இறங்கும் இடத்தில் ஷ்லாபாக் வீட்டு வண்டி எனக்கு முன்னால் சுமார் முப்பது அடியில் போய்க்கொண்டிருந்தது. ஃபேனி தனியாக ஓட்டினார். குதிரை முன்னங்கால்களைத் தூக்கி, பிறகு வலப்பக்கமாக ஓடி, வண்டியோடு பள்ளத்தில் இறங்கியது. ஃபேனி தூக்கி எறியப்பட்டு மதகுக் கல்லில் விழுந்தார். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினேன். பள்ளம் முழுக்க ஸ்ட்ராபெரிப் பழம் கொட்டிக் கிடந்தது. கடிவாள வார் அவர் இடது கையில் சுற்றியபடியே அறுந்திருந்தது. ஃபேனி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. பையிலிருந்து காதுக் கருவிகளை எடுத்து மாட்டி முடிப்பதற்குள் அவர் பேசி முடித்திருந்தார். அதன் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அன்று அதிகாரி கேட்டபோது, வால்வு இரண்டும் மூடியிருந்தன என்றும், காற்றில் பறந்த பிளாஸ்டிக் பையைக் கண்டு குதிரை மிரண்டது என்றும் சொன்னேன். பை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, வலப்பக்க வால்வு மூடியிருந்தது. இடப்பக்க வால்வில் ஜல்லிக்கல் ஒன்று சிக்கி, கதவு முக்கால்வாசி திறந்து நின்றது. அதைக் கழற்றிப் பழைய தகட்டை மாட்டிவிட்டு, வால்வைக் கொட்டகையில் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். இன்று அதை, கல்லோடு, மேற்படி அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் நடந்தது. அது முடிந்ததும் மாலன் என்னிடம் வந்து, "அவ ஏதாவது சொன்னாளா லோவெல்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பந்தயத்துல ஓடுன குதிரை, நமக்கு வேணாம்னு அவ சொன்னா. நான்தான் புடிவாதமா வாங்குனேன்" என்றார். அதன் பிறகு, வெள்ளிக்கிழமை சந்தைக்கு அந்தக் குதிரையை ஏற்றிப் போக என் வேனும் அதன் பின்னால் மாட்டும் இழுவண்டியும் வேண்டும் என்று கேட்டார். சரி என்றேன்.

ஜூன் 14ஆம் தேதி மேற்படி குதிரையை என் இழுவண்டியில் நானே ஏற்றினேன். இழுக்காமல் ஏறியது. சந்தையில் இரண்டு குடும்பத்தார் அதன் பல்லையும் குளம்பையும் பார்த்துவிட்டு வாங்க நின்றார்கள். மாலன் அவர்களிடம், "இது என் பொண்டாட்டியக் கொன்ன குதிரை. சொல்லாம விக்க மனசு வரல" என்றார். அவர்கள் விலகிப் போனார்கள். கடைசியில் கறிக்கு வாங்கும் வியாபாரி வாங்கினார். நான் மாலனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நேற்று, ஜூன் 18ஆம் தேதி காலை, மாலனின் தொழுவத்துக்குப் போய், வால்வைப் பற்றியும், பை இல்லை என்பதையும், ஃபேனி ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை என்பதையும் சொன்னேன். அவர் பால் வாளியைக் கீழே வைத்தார். "அப்போ குதிரை நல்ல குதிரைதான்" என்றார்.

"ஆமா, மாலன்."

"வேனை எடுங்க."

சந்தைக்குப் போனோம். சனிக்கிழமையே அந்த வியாபாரியின் லாரி குதிரைகளோடு கனடா கசாப்புக்கூடத்துக்குப் போய்விட்டது என்று அங்கே இருந்த எழுத்தர் சொன்னார். மாலன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காலியாகக் கிடந்த பட்டிகளைச் சிறிது நேரம் பார்த்தார். திரும்பும்போது நான் முன்கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின்கதவைத் திறந்து பின் இருக்கையில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் என் வேனில் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. அவர் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டார். போலீசுக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

யாருடைய மிரட்டலுக்கோ ஆசை வார்த்தைக்கோ உட்படாமல் இவற்றைச் சொன்னேன். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருப்பதைப் படித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, உண்மை என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லோவெல் கீஸ்லர்
19-06-2019, முற்பகல் 11.40

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) டெனிஸ் ஓர்லிக், துணை ஷெரிஃப்