பிரிக்காத பொட்டலங்கள்

— பிரிக்கவே இல்லையே இதெல்லாம்.

— எதெல்லாம்?

— நீ கிளம்பறப்ப நான் கட்டிக் கொடுத்த பொட்டலம். காய வச்ச ஆப்பிள் அப்படியே இருக்கு. தக்காளி அப்படியே இருக்கு. அழுக்குத் துணியைத் துவைக்கப் போடலாம்னு பையைக் கவுத்தேன், பொத்து பொத்துன்னு விழுது.

— அதை அப்படியே வச்சிட்டு வாங்க. டீ ஆறுது.

— இத கேளு. இதுக்கு முந்தின லோடுக்குக் கட்டினது எங்க?

— லாரியில. சீட்டுக்குப் பின்னாடி.

— அதுவும் இப்படியேவா?

— விடுங்களேன். வண்டியை நிறுத்திட்டு வந்து இன்னும் அரை மணி ஆகல. உக்காந்தாலும் ரோடு ஓடற மாதிரியே இருக்கு எனக்கு.

— விடறேன். விடாம என்ன பண்ணப் போறேன். பொண்டாட்டி லாரி ஓட்டறா, புருஷன் கேரட் நறுக்கறான்னு மாடி வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிச்சுட்டுப் போகட்டும்னு நான் பாட்டுக்கு நறுக்கறேன். இத கேளு, ஒரு ஆப்பிளை நறுக்கறது என்ன லேசுன்னு நினைச்சியா? ஒரு துண்டு தடியா, ஒரு துண்டு மெலிசா இருந்தா ஆச்சு, மெலிசு முறுகிடும், தடியில ஈரம் நின்னு பூஞ்சை பிடிச்சிடும். யூனிஃபார்ம் தைச்ச கைங்கறதால ஏதோ காலர் வெட்டற மாதிரி ஒரே அளவா வருது. எலுமிச்சைத் தண்ணியில முக்கி எடுக்கறேன். கேரட்டை வெந்நீர்ல ஒரு கொதி காட்டறேன். நீ வாங்கிக் கொடுத்த காய் உலர்த்தற மிஷின்ல மேல் தட்டைக் கீழயும் கீழ்த் தட்டை மேலயும் மாத்தி மாத்தி வைக்கறேன். நல்லா ஆறவிட்டுத்தான் கட்டறேன், இல்லேன்னா உள்ளயே வேர்த்துடும்.

— தெரியும்ங்க.

— தெரிஞ்சும் ஒரு துண்டு வாயில போடத் தோணலையா உனக்கு?

— ரோட்டோரக் கடையில சாப்பிட்டேன்.

— அங்க சாப்பிட்டா வயிறு எரியுதுன்னு நீதானே சொன்ன.

— எரியத்தான் செய்யுது.

— அப்புறம் என்ன?

— ஒண்ணுமில்ல. விடுங்க.

— யார் கூட சாப்பிட்ட?

— என்ன கேட்டீங்க?

— இல்ல... சும்மாத்தான்.

— சும்மா கேக்கற கேள்வியா அது. மனசுல ஏதாவது இருந்தா நேரா கேளுங்க.

— நேராத்தானே கேட்டேன். மூணு வாரத்துக்கு ஒரு தடவை வர்ற. ரெண்டு நாள் தூங்கற. கிளம்பிடற. நடுவுல நீ யார் கூட இருக்க, என்ன பேசற, எனக்கு என்ன தெரியும்?

— யார் கூடவும் இல்ல. அந்தக் கடையில ஒரே நேரத்துல அம்பது டிரைவருங்க சாப்பிடுவாங்க. ஒரு ஆள் இன்னொரு ஆள் முகத்தைப் பார்க்க மாட்டான். எல்லாரும் சுவத்துல மாட்டியிருக்கிற டிவியைப் பார்த்துக்கிட்டே மெல்லுவாங்க. நானும் அதைத்தான் பார்த்தேன். சத்தம் கூட வராது அந்த டிவியில.

— ஃபோன்ல கேட்டேன்ல, தக்காளி எப்படி இருந்துச்சுன்னு?

— கேட்டீங்க.

— நல்லா இருந்துச்சு, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்னு சொன்னியே.

— சொன்னேன்.

— அதை நம்பி அடுத்த தடவை நான் உப்பைக் குறைச்சேன். தின்னே பார்க்காத தக்காளிக்கு உப்பு தூக்கலாம்.

— எல்லாம் நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னா சந்தேகப்படுவீங்கன்னு உப்பைச் சொன்னேன்.

— நல்லா சமாளிக்கற. என் கைச் சாப்பாடு பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லிடு. இன்னைக்கே இந்த மிஷினைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன்.

— பிடிக்காம இல்லங்க.

— பின்ன?

— ஒரு தடவை பிரிச்சேன்.

— எப்போ?

— மருந்து லோடு ஏத்திட்டுப் போனப்ப. மலை ரோட்டுல ஒரே பனிமூட்டம். முன்னாடி போற வண்டியோட பின் விளக்கு கூட தெரியல. ஓரமா நிறுத்திட்டேன். சரி, தெளியற வரைக்கும் சாப்பிடலாம்னு கெட்டில்ல தண்ணி சுட வச்சு, உங்க தக்காளியும் கேரட்டும் போட்டு மூடி வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்தேன் பாருங்க.

— என்ன, கெட்டுப் போயிருந்துச்சா?

— இல்ல. நம்ம அடுப்படி வாசனை வந்துச்சு. கேபின் முழுக்க ஆவி. கண்ணாடியெல்லாம் மூடிக்கிச்சு, வெளியில ரோடே இல்ல. நீங்க பின்னாடி நின்னு பாத்திரம் துடைக்கிற மாதிரியே இருந்துச்சு எனக்கு. ‘துண்டை எங்க வச்சீங்க’ன்னு வாயைத் திறந்து கேட்டேங்க. கேட்டுட்டுத் திரும்பினேன். படுக்கிற பலகையும் என் போர்வையும்தான் இருந்துச்சு.

— ம்.

— சாப்பிட்டு முடிச்சேன். பனி விலகினதும் வண்டியை எடுத்தேன். எடுத்துத் திருப்பிட்டேன்.

— எங்க திருப்பின?

— வீட்டுப் பக்கமா.

— லோடோடயா?

— லோடோடத்தான். டோல்கேட் வரைக்கும் வந்துட்டேன். அங்க சீட்டு கொடுக்கிற பொண்ணு, ‘என்னக்கா, இப்பத்தானே இந்தப் பக்கமா போனீங்க’ன்னு கேட்டுச்சு. அப்பத்தான் எனக்கே உறைச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போற மருந்து. திரும்பப் போய் இறக்கறதுக்குள்ள விடிஞ்சு போச்சு. டயர் பஞ்சர்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுலேர்ந்து உங்க பொட்டலத்தைத் தொடறதில்ல. தொட்டா வண்டி இங்கதான் வந்து நிக்கும்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— சொன்னா கட்டறதை நிறுத்திடுவீங்க.

— நிறுத்தினா உனக்கு என்ன? தொடவா போற?

— பைக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சா போதும்ங்க.

— நான் வேற என்னென்னமோ நினைச்சுட்டு உக்காந்திருந்தேன்.

— தெரியும். அதுசரி, நான் வந்ததுலேர்ந்து மிஷின் ஓடிக்கிட்டே இருக்கே. உள்ள என்ன வச்சிருக்கீங்க?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாமயா ஓடுது?

— இத கேளு. சிரிக்கக் கூடாது.

— எனக்கு எங்க சிரிப்பு வருது, சொல்லுங்க.

— அம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப ஒரு காத்து மெத்தை வாங்கிப் போட்டோம்ல. முதுகுல புண்ணு வராம இருக்க. அதோட மோட்டார் ராத்திரி பகலா உர்ருன்னு ஓடிக்கிட்டே இருக்கும். ஆரம்பத்துல தூக்கமே வரல எனக்கு. அப்புறம் அது இல்லாம தூங்க முடியாதுன்னு ஆயிடுச்சு. அம்மா போன மறுநாள் அந்த மெத்தையைச் சுருட்டி ஓரமா வச்சேன். வீடு அப்படியே அமுங்கிப் போச்சு. குழாயைத் திறந்தா சத்தம் எங்கேயோ போய் இடிச்சுட்டு வருது. இந்த மிஷின் கிட்டத்தட்ட அதே சத்தம். காய் இருந்தா காயோட ஓட்டுவேன், இல்லேன்னா சும்மா ஓட்டுவேன்.

— எவ்வளவு நேரம்?

— நிறுத்தினாத்தானே நேரம் சொல்ல?

— இதெல்லாம் ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க.

— நீ ரோட்டுல இருப்ப. உன்னைக் கலங்க வச்சு, அப்புறம் நீ எங்கேயாவது கொண்டு போய் இடிச்சுட்டா?

— நான் அதுக்கா வாங்கிட்டு வந்து கொடுத்தேன் இதை?

— எதுக்கு வாங்கின? அதை நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல.

— அத்தைக்கு மருந்து கொடுக்கறது, புரட்டிப் போடறது, துடைச்சு விடறதுன்னு ஆறு வருஷம் கை ஓயாம இருந்தீங்க. திடீர்னு ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு சுவத்தைப் பார்த்துட்டு இருந்தீங்க. பார்க்க முடியல எனக்கு. ஏதாவது செய்யட்டும்னு வாங்கிட்டு வந்தேன்.

— நான் எப்படி எடுத்துக்கிட்டேன் தெரியுமா?

— எப்படி?

— ‘நீங்க இப்படியே வீட்ல இருங்க, இதோட விளையாடிக்கிட்டு. என் ரோடு வேற’ன்னு நீ சொல்றதா எடுத்துக்கிட்டேன்.

— அட கடவுளே.

— காரியமெல்லாம் முடிஞ்சு நீ லாரி சாவியை எடுத்தப்ப நான் வாசல்ல நின்னேன். வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவன்னு நினைச்சேன். அம்மா இருந்த வரைக்கும் சரி, என்னால நகர முடியாது. இனிமே என்ன? ஆனா நீ கேட்டை மூடிக்கோங்கன்னு சொல்லிட்டு ஏறிட்ட.

— எப்படிங்க கூப்பிடுவேன்? அத்தனை வருஷம் ஒரு ரூமுக்குள்ளேயே கிடந்த மனுஷன். கொஞ்சம் காத்து வாங்கட்டும், நாலு பேரைப் பார்க்கட்டும்னு இருந்தேன். வாங்க, இதைவிடச் சின்னதா ஒரு பெட்டி இருக்கு, அதுல வந்து உக்காருங்கன்னு சொல்லுவேனா? நீங்களா கேக்கட்டும்னு விட்டுட்டேன்.

— நான் நீ கூப்பிடட்டும்னு இருந்தேன்.

— நல்லா இருந்தோம் ரெண்டு பேரும்.

— எனக்கு லாரியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. தார்ப்பாய் கட்டக் கூட தெரியாது.

— கிழிஞ்சா தைக்கத் தெரியும்ல?

— அது தெரியும். கம்பெனியில ஒத்துக்குவாங்களா? இல்ல, உனக்கே இடைஞ்சலா இருக்குமா? அந்தப் பக்கத்து சீட்ல உன் பை, போர்வை, தண்ணிக் கேன்னு ஆயிரம் சாமான் கிடக்குமே.

— அத்தை போன நாள்லேர்ந்து அந்த சீட்ல நான் எதையும் வைக்கறதில்லங்க.