சம்சாரம் மூணாவது மாடியில

இல்ல தம்பி, மொட்டையா சொன்னா உங்களுக்குப் புரியாது. கதையாவே சொல்லிடறேன், பிளேன் ஏற இன்னும் நேரம் கிடக்கு. ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு கஞ்சனாம். அவனுக்கு ஒரே ஒரு பொண்டாட்டியாம். ஏன் ஒண்ணோட நிறுத்திக்கிட்டான்னா, ரெண்டு கட்டுப்படியாகாதாம். சிரிக்காதீங்க. அந்தக் கஞ்சன் நான்தான். பொண்டாட்டி அதோ, கண்ணாடி ஓரமா, புடவைக்கு மேல தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அவதான்.

இத்தனை நாற்காலி காலியா கிடக்க, உங்க பக்கத்துல வந்து எதுக்கு ஒட்டிக்கிட்டேன்னுதானே பாக்குறீங்க? ஒரு உதவி வேணும். சொல்றேன். காசு இல்ல, பயப்படாதீங்க. எதையாவது உங்க பையில வைங்கன்னும் கேக்க மாட்டேன்.

நான் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பண்றவன். சொந்தக் கடை. கடையச் சாத்திட்டு வெளியூர் போனதே கிடையாது. எவனாவது கருகுன மிக்ஸியத் தூக்கிட்டு வந்து நின்னா? இந்த வருஷம் பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு. அது போன் பண்ணுது. அப்பா, அம்மா பாத்த ஒரே வெளிநாடு ஸ்டூடியோவுல பின்னாடி தொங்குற படுதாதான், எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பான்னு. ரோஷம் வந்துடுச்சு எனக்கு. ரோஷம் வேற, கைய விட்டுச் செலவு பண்றது வேற, இல்லையா?

டிக்கெட்டு, ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டா ஒரு ரேட்டு காட்டுது. தனித்தனியாப் போட்டா கொஞ்சம் இறங்குது. விடுவேனா? தனித்தனியாப் போட்டேன். வரும்போது அவ றெக்கை கிட்ட, நான் வால் கிட்ட. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன். தங்குற இடத்துலதான் சனி சம்மணம் போட்டு உக்காந்துட்டான். ரயில் பெட்டி மாதிரி மேல ஒரு படுக்கை, கீழ ஒரு படுக்கை, ஆளுக்கு ஒரு திரை. படத்துல பாக்க ஜம்முனு இருந்துச்சு. வாடகையும் ஜம்முனு இருந்துச்சு. போய் நின்னா, ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு சிரிச்சுக்கிட்டே ரெண்டு அட்டையக் குடுக்குது. சார் முதல் மாடி, மேடம் மூணாவது மாடி, லேடீஸ் மட்டும். ஏம்மா, இது என் சம்சாரம்னு கல்யாண ஃபோட்டோவையே எடுத்துக் காட்டுனேன். நல்லா இருக்குன்னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுச்சே தவிர, கதவைத் திறக்கல.

சம்சாரத்துக்கிட்ட வசமா வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு நினைச்சேன். காலையில இறங்கி வரா பாருங்க, நகமெல்லாம் ஊதாக் கலர். ரெண்டு பக்கமும் ரெண்டு பொண்ணுங்க, எந்த நாடோ தெரியல, இவ தோள்ல கை போட்டுக்கிட்டு சிரிக்குதுங்க. இவளுக்கு இங்கிலீஷ்ல ஓகே, தேங்க்யூ, வோல்டேஜ், இந்த மூணுதான் தெரியும். அந்த மூணை வச்சே மாடி மொத்தத்தையும் வளைச்சுப் போட்டுட்டா!

அப்புறம் என்ன? இருந்த நாளெல்லாம் அவங்க கூடத்தான். படகாம், சந்தையாம், எவளோ ஓட்டுற பைக்ல பின்னாடி உக்காந்து ஊர் சுத்துறாளாம். என்னையும் கூப்பிட்டா, இல்லேங்கல. நாங்க ஆத்துப் பக்கம் போறோம், நீங்களும் வாங்களேன்னு. அத்தனை பொண்ணுங்க நடுவுல நான் எப்படிப் போறது? எனக்கு வேலை இருக்கு, நீ போன்னுட்டேன். என்ன வேலைங்கறீங்களா? கட்டில்ல மல்லாந்து படுத்து, மேல ஓடுற ஃபேனுக்கு பேரிங் போயிருச்சுன்னு கண்டுபிடிச்சேன்.

நேத்து இன்னும் கூத்து. இந்த ஊர் ரோடு பாத்தீங்கல்ல? பைக்கா வருது, நிக்கவே நிக்காது. நாம பாட்டுக்கு நடந்தா அதுவா விலகிப் போகும்ங்கறாங்க. எனக்கு கால் வந்தாத்தானே? ஒரு அடி வைக்கிறேன், ரெண்டு அடி பின்வாங்குறேன். எதிர்ப் பக்கம் பாத்தா, இவ! பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து ஜூஸ் உறிஞ்சுறா. கைய ஆட்டுனேன். அவளும் ஆட்டுறா. நீங்க வாங்கங்கறா. நீ வாம்மாங்கறேன் நான். நடுவுல ஊரே போகுது. கடைசியில எழுந்தா. ஒரு கையத் தூக்கிக்கிட்டு, குளத்துல பாசிய விலக்குற மாதிரி நடந்து வந்தா. மிச்ச ஜூஸை என் கையில குடுத்து, வெயில்ல நிக்காதீங்கன்னு சொல்லிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிட்டா தம்பி!

இன்னிக்குக் காலையில பை எடை கூடிடும்னு நான் சட்டைக்கு மேல சட்டையா மாட்டிக்கிட்டு இருக்கேன். ஆமா, மூணு சட்டை, அதான் வேர்த்துக் கொட்டுது. அப்போ சொல்றா, அடுத்த தடவை நீங்க கடையப் பாத்துக்கோங்க, நான் இந்தப் பிள்ளைங்க கூடப் போயிக்கறேன்னு. சண்டைக்குச் சொல்லல. கோவமா சொல்லியிருந்தா சமாளிச்சிருப்பேன், அது நமக்குப் பழகுன சரக்கு. சந்தோஷமா சொன்னா பாருங்க, அதான் சுருக்குன்னு தச்சிடுச்சு. நான் கூட்டிட்டு வந்த டூரு, நானே இல்லாம முடியப் போகுது. பாக்கி இருக்கறது இந்தப் பிளேன் ஒண்ணுதான்.

விஷயத்துக்கு வந்துடறேன். உங்க சீட்டு அவளுக்குப் பக்கத்து சீட்டு. எப்படித் தெரியுமா? கவுண்டர்ல உங்க பின்னாடி நின்னது நான்தான், எட்டிப் பாத்துட்டேன். தப்புதான். எனக்குக் கடைசி வரிசை. சீட்டு சாயாது, பாத்ரூம் கதவு தோள்ல இடிக்கும், உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது? மாத்திக்கிறீங்களா? உங்க வீட்டு மிக்ஸிக்கு ஆயுசு பூரா நான் பொறுப்பு.

ஐயோ, நல்லா இருப்பீங்க ராசா! நான் கேட்டேன்னு மட்டும் அவகிட்ட... இருங்க, அவளே வரா. ஒண்ணும் பேசாதீங்க.

என்னம்மா? யாரு, அந்தப் பச்சைச் சட்டைக்காரரா? நிஜமாவா? அட, அது பாத்ரூம் பக்கம்மா! தெரியுமா? சரி சரி, நீ போய் வரிசையில நில்லு, பையத் தூக்கிட்டு வரேன்.

தம்பி, நீங்க உங்க சீட்லயே உக்காருங்க. கேட்டீங்கல்ல கூத்தை? அந்தப் பச்சைச் சட்டைக்காரருக்குத்தான் என் பக்கத்து சீட்டாம், இவளும் எட்டிப் பாத்திருக்கா. அவர்கிட்டப் போய் என்னைக் காட்டி, தன்னைக் காட்டி, ரெண்டு விரலைச் சேத்துக் காட்டியிருக்கா. அவரும் பெரிய மனுஷன், மூக்கைப் பிடிச்சுக் காட்டி, பாத்ரூம் பக்கம், பரவாயில்லையான்னு கேட்டாராம். ஓகே, தேங்க்யூன்னு சீட்டை மாத்திக்கிட்டு வந்துட்டா. நான் இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசுனதை ரெண்டு விரல்ல முடிச்சுட்டா மகராசி!

என்ன கேட்டீங்க? இறங்குனா வீடு, வீட்ல பேசிக்க வேண்டியதுதானே, இதுக்குப் போய் இவ்வளவு பாடான்னா? அட, சின்ன விஷயம்தான் தம்பி. கடையில அவ முன்னாடி கல்லாவுல, நான் பின்னாடி தடுப்புக்குள்ள. பஸ்ஸுல அவ முன்னாடி, நான் பின்னாடி. வண்டியில நான் முன்னாடி, அவ என் முதுகுக்குப் பின்னாடி. கல்யாணத்தன்னிக்கு ஃபோட்டோவுக்காகப் பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். அதோட சரி. அந்தக் குறை எனக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இதோ வந்துட்டேன்! ஏய், நீ முன்னாடி போகாத, நில்லு!