நான்காக ஒட்டிய விரிசல்

பெட்ஷீட் வாங்கும்போது யாரும் டிசைனை உற்றுப் பார்ப்பதில்லை, சார். கறை தெரியாத நிறமா என்று மட்டும் பார்ப்பார்கள். உங்கள் வீட்டுக் கட்டிலில்கூட நான் வரைந்தது விரித்திருக்கலாம்.

வரைந்தது என்று சொல்வதே தப்பு. எனக்குக் கோடு போட வராது. ஊரில் இருக்கும் கட்டடங்களைப் படம் எடுப்பேன். ஒரு மூலையை மட்டும் வெட்டி, இடம் வலமாகவும் தலைகீழாகவும் திருப்பி, நான்காக ஒட்டுவேன். பால்கனிக் கம்பி பூவாகிவிடும், தண்ணீர்க் குழாய் கொடியாகிவிடும். முதலாளி அதைத் துணியில் அச்சடிப்பார்.

அக்கா குடியிருந்தது நான்கு மாடிக் கட்டடம். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு தூணில் விரிசல் விட்டிருந்தது. சும்மா ஒரு படம் எடுத்தேன். நான்காக ஒட்டிப் பார்த்தேன். அப்படியொரு வளைவை யாராலும் யோசித்துப் போட முடியாது. முதலாளி, "இதுல பன்னெண்டு டிசைன் குடு, தனி வரிசையாவே போட்டுடலாம்" என்றார். ஒரே விரிசல் எப்படிப் பன்னிரண்டாகும்? வளர்ந்தால்தான் ஆகும். வாரம் ஒருமுறை போனேன். வளர்ந்தது.

ஐந்தாவது வாரம் அங்கே குடியிருப்பவர்கள் ஓர் இன்ஜினியரை அழைத்துவந்தார்கள். அவர் விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்ட் வைத்து ஒட்டினார்.

"தூண் அசைஞ்சா இது உடையும். உடைஞ்சா அன்னிக்கே எல்லாரும் வெளிய போயிடணும்" என்றார். என் கேமராவைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் வாரா வாரம் வர்றீங்களாமே, கண்ணுல பட்டா ஒரு போன் போடுங்க" என்று தன் நம்பரைக் கொடுத்தார்.

எட்டாவது டிசைனுக்குப் போனபோது கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. முதலில் படத்தை எடுத்தேன். பிறகு போனை எடுத்தேன். எடுக்கவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் சொன்னால் முட்டுக் கொடுப்பார்கள், பூசி மெழுகிவிடுவார்கள். இன்னும் நான்கு வாரம்தானே என்று தோன்றியது. படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அதே அளவுக்குக் கண்ணாடி வெட்டி வாங்கிவந்து ஒட்டினேன். ஒட்டும்போது மேலேயிருந்து என் கழுத்தில் மணல் உதிர்ந்தது. தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன். நான் பயந்த சுபாவம், சார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மற்றவர்கள் இறங்கி வருவதற்குள் போய்ப் பார்த்துவிடுவேன். மொத்தம் மூன்று முறை மாற்றினேன்.

அக்காவுக்கும் பயம்தான். "அடுக்குல இருக்கற டம்ளர் தானா உருளுதுடா. மாமாகிட்ட சொன்னா சிரிக்கறாரு. என் தம்பி கட்டடத்தைப் பாத்தே சம்பாதிக்கிறவன், அவன் சொல்லட்டும்னுதான் இருக்கேன்."

"பூச்சு வெடிக்குதுக்கா, வேற ஒண்ணுமில்ல. கண்ணாடி முழுசாத்தான் இருக்கு, வந்து பாரு" என்றேன்.

இறங்கி வந்தாள். கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்பாடா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

பன்னிரண்டாவது டிசைனுக்கு உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. விரிசல் வெளிச்சுவருக்கே வந்திருந்தது. எதிர்ச் சாரியில் கேமராவை ஸ்டாண்டில் பொருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, கதவு திறக்க மாட்டேங்குதுடா. நிலை கோணிடுச்சு. மாமா வேலைக்குப் போயிட்டாரு. நீ வந்து வெளியிலேருந்து தள்ளேன்."

மூன்றாவது மாடி ஜன்னலில் அவள் தெரிந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்த ஜன்னலுக்குக் கீழே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரிசல் கிளை பிரிந்தது.

"இதோ வர்றேன்க்கா. அங்கயே நில்லு."

"சீக்கிரம் வாடா. பயமா இருக்கு."

அக்காவோடு சேர்த்து ஆறு பேர் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. சரிதான். கண்ணாடியை மாற்றியது நான்தான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அவள் போன் செய்ததற்கும் கட்டடம் விழுந்ததற்கும் நடுவே நான்கு நிமிடம் இருந்ததே, ஏன் போகவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பயம், சார். அப்படியே உறைந்துபோய்விட்டேன். கை கால் எதுவும் அசையவில்லை.

நடுவில் ஒரே ஒருமுறை லென்ஸ் மாற்றினேன், அவ்வளவுதான்.