நாற்பத்தொரு பெயர்களும் ஒரு சாவியும்

பெயர்: அடையாள அட்டையில் உள்ளபடி காவல் நிலைய எழுத்தர் மேலே குறித்துக்கொண்டார். எல்லாரும் கூப்பிடுவது லிஃப்ட்காரர் என்று. வயது: எழுபத்திரண்டு. தொழில்: பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் ஓட்டினேன், இப்போது ஓய்வு. முகவரி: தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெரு, மூன்றாவது வீடு, மாடி.

எழுத்தர் என்னிடம், "நீங்க சொல்லுங்க பெரியவரே, நான் எழுதிக்கறேன். கடைசியில கைநாட்டு வச்சாப் போதும்" என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். முதியோர் வகுப்பில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன் எண்கள் மட்டுமே தெரியும். லிஃப்டுக்கு அது போதும்.

எங்கள் பழைய சிறைச்சாலை இப்போது காட்சியகம். அங்கே சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு முன்னொரு காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை நாங்கள் நடித்துக் காட்டுகிறோம். சம்பவம் இதுதான்: நாற்பத்தொரு கைதிகளுக்கு விடுதலை உத்தரவு வந்தது. பதிவேட்டில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் கதவைத் திறப்பேன் என்றான் வார்டர். மூன்றாம் அறையில் நோயாளிக் கைதி ஒருவன் தண்ணீர் கேட்டுத் தகரக் குவளையால் கம்பியைத் தட்டினான். "பேர் முடியட்டும்" என்றான் வார்டர். பெயர்கள் முடிந்து கதவைத் திறந்தபோது அந்தக் கைதி இறந்திருந்தான்.

வார்டராக நடிப்பது நான். மூன்றாம் அறைக் கைதியாக நடிப்பவர் என் மனைவியின் தம்பி, தையல்காரர், வயது அறுபத்தாறு. நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பூட்டுகள் பழையவை என்பதால் எல்லா அறைக்கும் சேர்த்து ஒரே சாவிதான். நடிக்கும்போது அது என் இடுப்பில் இருக்கும்.

வழக்கமாக நான் பத்துப் பெயர்தான் படிப்பேன், அதிலும் தடுமாறுவேன். மூன்று வாரத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் மச்சான், "நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள என் தண்டனைக் காலமே முடிஞ்சிடும் மச்சான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் இரவும் பகலும் படித்தேன். என் மனைவி, "ஜெயில்ல இருந்தவன் பேரெல்லாம் தூக்கத்துல சொல்றீங்க, என் பேரு ஒரு தடவையாச்சும் வருதா?" என்றாள்.

சென்ற சனிக்கிழமை காட்சியகப் பொறுப்பாளர் அம்மாவிடம் போய், இன்று நாற்பத்தொன்றையும் படிக்கிறேன் என்றேன். அவர் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "தாராளமாப் படிங்க ஐயா" என்றார். மூன்று மணிக்கு அறைகளைப் பூட்டினேன். அறுபது பேர் போலக் கூட்டம். மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் உள்ளேயிருந்து "இருக்கேன் ஐயா" என்று குரல் வரும், நான் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். பதினைந்தாவது பெயரில் மச்சான் குவளையால் தட்டினார். அது நாடகத்தில் உள்ளதே. "பேர் முடியட்டும்" என்றேன். அதுவும் உள்ளதே. ஒரு பெயரில்கூட நான் தடுமாறவில்லை. கூட்டத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. அவர்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் என்பது எனக்கு மறந்துபோனது. கணக்குச் சரியாக வரவேண்டும் என்பது ஒன்றே மனதில் இருந்தது.

இருபத்திரண்டாவது பெயர் படித்த பிறகு மூன்றாம் அறையில் மறுபடி தட்டும் சத்தம் கேட்டது. இது குவளை இல்லை, உள்ளங்கை. அதன் பிறகு "மச்சான்" என்று கூப்பிட்டார். நாடகத்தில் கைதி வார்டரை ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும். மச்சான் என்றதும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. ஐயா என்று சொல்லாமல் ஒரு கைதி என்னை எப்படி மச்சான் என்று கூப்பிடலாம் என்ற கோபம்.

அதன் பிறகு பொறுப்பாளர் அம்மா ஓடிவந்து என் முன்னால் நின்று, "சாவியக் குடுங்க ஐயா, அவருக்கு நெஜமாவே முடியல" என்றார். என் கை சாவியின் மேல்தான் இருந்தது. "வரிசைக்கு வெளிய நின்னு யாரும் பேசக்கூடாது" என்றேன். இந்த வசனம் நாடகத்தில் இல்லை. லிஃப்டில் எட்டுப் பேருக்கு மேல் ஏறுகிறவர்களிடம் இதே குரலில்தான் பேசுவேன். அவர் இரண்டாம் முறையும் கேட்டார். நான் பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி எழுதிவிட்டு இருபத்து மூன்றாவது பெயரைப் படித்தேன். கூட்டம் கைதட்டியது. அம்மா அலுவலக அறைக்கு ஓடி ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

மூன்று மணி முப்பத்தொரு நிமிடத்துக்குப் பெயர்கள் முடிந்தன. கதவைத் திறந்தேன். மச்சான் சுவரில் தலை சாய்ந்து கிடந்தார். சட்டையின் மேல் பொத்தான் இரண்டையும் பிய்த்திருந்தார். அவர் தைத்த பொத்தான் அவ்வளவு லேசில் பிய்ந்து வராது. ஆம்புலன்சும் அப்போதுதான் வந்தது.

அவர் பிழைத்துவிட்டார். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணைத் திறந்து, "எத்தனை பேரு படிச்ச மச்சான்?" என்றார். நாற்பத்தொன்று என்றேன். "தடுமாறினியா?" என்றார். இல்லை என்றேன். "அப்பச் சரி" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகுதான் பொறுப்பாளர் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்த செய்தி தெரிந்தது. கதவைத் திறக்கச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை என்று அவர் மேல் குற்றம். கூட்டத்தில் விசாரித்தால், ஒரு பெண் வந்து கெஞ்சினாள், வார்டர் மறுத்தார், அருமையான நடிப்பு என்கிறார்களாம். அந்த அம்மாவும் நடித்ததாகவே எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். அவர் சொல்வதை நம்ப ஆளில்லை.

பதிவேடு என் பையில்தான் இருந்தது, யாரும் கேட்கவில்லை. இன்று காலை என் மனைவி எனது வகுப்பு ரப்பரை எடுத்து வந்து, "பென்சில்தானே, அழிச்சிடுங்க. தம்பி பொழச்சிட்டான். இந்த வயசுல நீங்க கோர்ட்டுக்கு அலையணுமா?" என்றாள். ரப்பரை வாங்கினேன். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். உட்கார முடியவில்லை. இப்போதும் எழுத்தர் மேசையில் விரலால் தட்டினார், நான் எழுந்துவிட்டேன். இடுப்பில் சாவியைத் தேடினேன். அதை நீங்கள் அன்றே வாங்கிக்கொண்டீர்கள், இந்த ஸ்டேஷனில்தான் இருக்கிறது.

அந்த வார்டரைக் கல்நெஞ்சன் என்று நினைத்து இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடித்தேன். அவன் பல்லைக் கடித்திருக்க மாட்டான். இன்னும் கொஞ்சம் பெயர்தானே என்று இருந்திருப்பான்.

பதிவேட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். இருபத்திரண்டாவது பெயருக்கு நேரே இருக்கும் வரி: "பொறுப்பாளர் அம்மா இரண்டு முறை சாவி கேட்டார். கொடுக்கவில்லை. மணி 3.20." வகுப்பில் இதுவரை நான் எழுதியதெல்லாம் பலகையைப் பார்த்து எழுதியவை. எதையும் பார்க்காமல் நானாக எழுதிய முதல் வரி இது. ஒரு எழுத்தும் கோணவில்லை. அழிக்க மனம் வரவில்லை.

இந்தத் தாள்கள் முழுவதும் நானே எழுதி, எழுத்தர் கேட்க உரக்கப் படித்தேன். இதில் பொய் எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் பதிவேட்டில் உள்ள "சாவி" என்ற சொல்லையும் இங்கே உள்ள "சாவி" என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் எழுதியது ஒரே கை. அந்த அம்மா கேட்டார். நான் கொடுக்கவில்லை.

(கையெழுத்து)
லிஃப்ட்காரர்